டீசல் எஞ்சின் மணி அடிக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் டீசல் எஞ்சின்களில் ஹாரனோடு ஒரு மணியும் இருக்கும். நம் ஊரில் இந்த வழக்கம் இல்லை. லெவல் கிராசிங்குக்கு முன் விசில் போர்டு பார்த்து ஹாரன் ஊதுவதோடு சரி. இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 போன்ற பழைய ஆல்கோ வகை டீசல் எஞ்சின்களில் ஒரு அலாரம் மணி உண்டு என்றாலும் அது ஓட்டுநரை எச்சரிக்க உள்ளே அடிப்பது. இங்கே பேசப்போவது வெளியே நிற்பவர்களுக்காக அடிக்கும் மணியைப் பற்றி. ஜிபி7, ஜிபி9, ஜிபி38-2 போன்ற, இஎம்டி என்ற அமெரிக்க நிறுவனம் செய்த பழைய எஞ்சின்களைச் சுற்றுலா ரயில்களிலும் ரயில் அருங்காட்சியகங்களிலும் பராமரிக்கும் தன்னார்வலர்கள் அந்த நாடுகளில் நிறைய இருக்கிறார்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரிய ரயில்வேயில் வேலை செய்பவருக்கும் உதவும்.

ஹாரன் தூரத்தில் இருப்பவருக்கு. அமெரிக்க மத்திய விதிப்படி எஞ்சினுக்கு முன்னால் 100 அடி தள்ளி அளந்தால் அது குறைந்தது 96 டெசிபல் இருக்க வேண்டும். அவ்வளவு சத்தத்தை யார்டுக்குள்ளும் பிளாட்பாரத்தின் பக்கத்திலும் ஒவ்வொரு முறையும் ஊத முடியாது. அங்கே மணிதான் பேசுகிறது. அமெரிக்காவின் பல ரயில்வேக்கள் பின்பற்றும் ஜெனரல் கோட் ஆஃப் ஆபரேட்டிங் ரூல்ஸில் 5.8.1 என்ற விதி இதற்காகவே இருக்கிறது. வண்டி நகர்வதற்கு முன், தண்டவாளத்தை ஒட்டி ஆட்களோ கருவிகளோ இருக்கும் இடத்தை நெருங்கும்போது, பொதுச்சாலை கிராசிங்கை நெருங்கும்போது எல்லாம் மணி அடிக்க வேண்டும். கனடாவின் இயக்க விதிகளில் இதே வேலையை 13-ஆம் விதி செய்கிறது. வழக்கமாக ஹாரன் ஊதக்கூடாத அமைதி மண்டலங்களில் மணியை மட்டும் அடித்துக்கொண்டு கடக்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதனால் மணி ஊமையாகிப் போனால் அதைச் சின்னக் கோளாறு என்று ஒதுக்கக் கூடாது. நிற்கிற எஞ்சின் திடீரென்று அசைந்தால் முதலில் அகப்படுபவர் அதன் பக்கத்தில் நடந்து போகிறவர்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணி அடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் மணியில் கோளாறு இருக்காது, மணிக்கு வரும் காற்றில்தான் இருக்கும். தண்ணீர், துரு, மூடிய காக் (காற்றை அடைக்கும் வால்வு), கசியும் குழாய், இவற்றில் ஏதாவது ஒன்று. அதைப் பார்க்காமல் நேரே மணியின் நாக்கை ஆட்டும் ரிங்கரைக் கழற்றி மாற்றுவார்கள். இரண்டு வாரம் கழித்துப் புது ரிங்கரும் அதே போல நின்றுவிடும். ஆகவே எப்போதும் காற்று புறப்படும் இடத்திலிருந்து மணியை நோக்கி வாருங்கள்.

மணி எங்கே இருக்கிறது, எப்படி அடிக்கிறது

நீராவி எஞ்சினில் மணியே ஊசலாடும். டீசலில் மணி அசையாது. அதன் உச்சியில் ஒரு போல்ட்டும் நட்டும் போட்டு பிராக்கெட்டில் இறுக்கியிருப்பார்கள். உள்ளே காற்றால் இயங்கும் ரிங்கர் ஒன்று இருந்து நாக்கை மட்டும் ஆட்டும். ரிங்கருக்குள் ஒரு சின்ன சிலிண்டரும் பிஸ்டனும் உண்டு. காற்று பிஸ்டனைத் தள்ளும், தள்ளல் முடியும் இடத்தில் காற்று வெளியேறும் துளை திறக்கும், நாக்கு திரும்பி வரும், மறுபடி காற்று தள்ளும். உள்ளமைப்பு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆனால் காற்று உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி, நடுவில் தடையில்லாமல் அசையும் பிஸ்டன் என்ற மூன்றும் எல்லாவற்றுக்கும் பொது.

மணியை எங்கே பொருத்துவது என்பதில் ஒவ்வொரு ரயில்வேக்கும் ஒவ்வொரு பழக்கம். சிலர் சட்டகத்துக்கு அடியில், எரிபொருள் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். சிலர் எஞ்சினை மூடும் நீளமான ஹூடின் கூரையில், சிலர் முன் மூக்கில். இது வெறும் தோற்ற விஷயம் இல்லை. அடியில் இருக்கும் மணிக்குச் சேறும் பனிக்கட்டியும் சரளைத் தூசியும் எதிரி. கூரையில் இருக்கும் மணிக்கு எஞ்சின் புகைக்கரியும் நீண்ட குழாயும் எதிரி. மூக்கில் இருப்பது வாழ்க்கை முழுக்க எதிர்க்காற்றில் பனியை வாங்கிக்கொண்டே போகும். உங்கள் மணி எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தாலே எதை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

காற்று வரும் பாதை இப்படி: கம்ப்ரசர், மெயின் ரிசர்வாயர் (அழுத்தக் காற்றைச் சேர்த்துவைக்கும் தொட்டி), கட்-அவுட் காக், வடிகட்டி, இயக்கும் வால்வு, குழாய், ரிங்கர். பழைய எஞ்சின்களில் இயக்கும் வால்வு ஓட்டுநர் கையருகே கன்ட்ரோல் ஸ்டாண்டிலேயே இருக்கும், காற்று அதன் வழியாகவே போகும். பிற்கால எஞ்சின்களில் ஓட்டுநர் ஒரு மின் சுவிட்சை அழுத்துவார், காற்றைத் திறந்துவிடுவது வேறிடத்தில் இருக்கும், மின்காந்தத்தால் இயங்கும் மேக்னட் வால்வு. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேக்னட் வால்வு இருந்தால் மின்சாரம் சார்ந்த சோதனைகளும் சேர்ந்துகொள்ளும்.

கை வைப்பதற்கு முன்

ஆட்கள் வேலை செய்கிறார்கள், எஞ்சினை அசைக்காதே என்று சொல்லும் நீலக் கொடியைப் போடாமல் எஞ்சினுக்கு அடியிலோ மேலோ போகாதீர்கள். வேலை செய்பவர்கள் போட்ட நீலக் கொடியை அவர்களே எடுக்க வேண்டும், வேறு யாரும் எடுக்கக் கூடாது. அமெரிக்க மத்திய விதியே அப்படித்தான். தன்னார்வலர்கள் நடத்தும் சின்ன ரயில் பாதையில் இது தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கேதான் அதிகம் தேவை, ஏனென்றால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதிவைக்கும் பழக்கம் அங்கே குறைவு.

சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், கைப்பிரேக் போடுங்கள். நீங்கள் மணியருகில் இருக்கும்போது ஓட்டுநர் அறையில் இருப்பவர் தவறிக்கூட ஹாரனைத் தொடக்கூடாது என்று சொல்லிவையுங்கள். காதடைப்பான் எப்படியும் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மெயின் ரிசர்வாயரில் 130 முதல் 140 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் இருக்கும். மணியின் கட்-அவுட் காக்கை மூடிவிட்டால் குழாய் காலி என்று அர்த்தமில்லை. சில காக்குகள் மூடும்போதே அந்தப் பக்கத்துக் காற்றை வெளியே விட்டுவிடும், சில விடாது. மூடிய பிறகு ஓட்டுநர் அறையில் மணி வால்வைத் திறந்து, மிச்சக் காற்று போய்விட்டதா என்று காதால் கேட்டு உறுதிசெய்த பிறகே குழாயை இணைக்கும் யூனியனில் ஸ்பேனரை வையுங்கள்.

முதலில் மூன்று கேள்விகள்

ஹாரன் ஊதுகிறதா? காற்றில் ஓடும் வைப்பர் உள்ள எஞ்சினானால், வைப்பர் ஆடுகிறதா? ஆம் என்றால் ரிசர்வாயரில் காற்று இருக்கிறது, கோளாறு மணிக்கென்று பிரிந்த பாதையில். இல்லை என்றால் மணியை விட்டுவிட்டு கம்ப்ரசரையும் அழுத்தமானியையும் பாருங்கள்.

மணி வால்வைத் திறக்கும்போது மணியருகே சீறல் கேட்கிறதா? ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று கேட்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கேட்காது. ரிசர்வாயர் நிரம்பியதும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

மேக்னட் வால்வு இருந்தால், அதன் தலையில் உள்ள பொத்தானைக் கையால் அழுத்தினால் மணி அடிக்கிறதா? அடித்தால் காற்றுப் பக்கம் முழுவதும் நன்றாக இருக்கிறது, கோளாறு மின்சாரத்தில். அடிக்காவிட்டால் மின்சாரத்தைத் தற்காலிகமாக மறந்துவிட்டுக் காற்றைத் தேடுங்கள். வேலையைப் பாதியாகக் குறைக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அறிகுறி: எந்தச் சத்தமும் இல்லை, சீறலும் இல்லை

கட்-அவுட் காக்கைப் பாருங்கள். அருங்காட்சியக எஞ்சின்களில் பார்வையாளர்களின் பிள்ளைகள் மணி அடித்து விளையாடுவார்கள் என்று யாரோ காக்கை மூடிவைத்திருப்பார்கள், சொல்லமாட்டார்கள். கைப்பிடியின் திசையை மட்டும் நம்பாதீர்கள். பழைய காக்கில் கைப்பிடி தேய்ந்து தண்டின்மேல் வழுக்கியிருக்கும், பார்க்கத் திறந்தது போலவே இருக்கும்.

காக் திறந்திருந்தால் அடுத்தது வடிகட்டி. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குழாயின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த துருச் செதில்கள் வலையில் அப்பிக்கொண்டிருக்கும். எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து அது கறுப்புக் களி போல இறுகியிருந்தால், கம்ப்ரசரிலிருந்து எண்ணெய் அதிகமாக வருகிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கரைப்பானில் கழுவி, எதிர்த்திசையில் காற்றடித்து மாட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்தத் துரு நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

அதுவும் சரி என்றால், கை வால்வு உள்ள எஞ்சினில் வால்வின் வெளிவரும் பக்கத்து இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தி, காக்கைத் திறந்து, வால்வை இயக்கிப் பாருங்கள். காற்று வந்தால் வால்வு நல்லது, அங்கிருந்து மணி வரைக்கும் போகும் குழாய் அடைத்திருக்கிறது. வராவிட்டால் வால்வைப் பிரிக்க வேண்டும். உள்ளே வால்வு அமரும் ரப்பர் இருக்கை வீங்கியோ உடைந்தோ இருக்கும், அல்லது தண்டு தேய்ந்து அழுத்தினாலும் வால்வைத் தூக்காமல் இருக்கும்.

மேக்னட் வால்வு உள்ளதில் முதலில் மின்சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கர், பிறகு சுவிட்ச், பிறகு வால்வின் மின்காந்தச் சுருளான காயில். மல்டிமீட்டர் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. கார் பழக்கத்தில் கறுப்பு முனையை எஞ்சினின் உடம்பில் வைக்காதீர்கள். இந்த எஞ்சின்களின் கட்டுப்பாட்டு மின்சுற்று உடம்போடு இணைக்கப்படாதது. உடம்பில் வைத்து அளந்தால் பொய்யான எண்தான் கிடைக்கும். காயிலின் இரு முனைகளுக்கு இடையில் அளங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகியிருக்கும்போது 74 வோல்ட் அளவிலும், அணைத்துப் பேட்டரி மட்டும் இருக்கும்போது 64 வோல்ட் அளவிலும் இருக்க வேண்டும். மின்னழுத்தம் வந்து வால்வு இயங்காவிட்டால் ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் காயிலின் தலைக்கு அருகே கொண்டுபோங்கள். இழுத்தால் காயில் உயிரோடு இருக்கிறது, உள்ளே தண்டு சிக்கியிருக்கிறது. இழுக்காவிட்டால் காயில் அறுந்துவிட்டது. மின்னழுத்தமே வராவிட்டால் சுவிட்சுக்குப் பின்னால் உள்ள முனைகளைப் பாருங்கள். அதிர்வில் தளர்ந்த ஒரே ஒரு நட்டுதான் பலமுறை காரணம்.

அறிகுறி: காற்று சீறுகிறது, மணி மட்டும் அடிக்கவில்லை

நிறைய பேர் தப்பான முடிவுக்கு வரும் இடம் இது. சீறல் கேட்டதும் காற்று நன்றாக வருகிறது, ரிங்கர்தான் போய்விட்டது என்பார்கள். சீறல் எங்கே கேட்கிறது என்பதைப் பாருங்கள். ரிங்கரில் கேட்டால் ஒரு கதை, அதற்கு முந்தைய இணைப்பில் கேட்டால் வேறு கதை. இணைப்பில் கசிந்து ரிங்கருக்குப் பாதிக் காற்றுதான் போகிறது என்றால் புது ரிங்கர் வைத்தாலும் அது அடிக்காது.

சீறல் ரிங்கரில்தான் என்று உறுதியானால், முதலில் காற்றை மூடி வெளியேற்றிவிட்டு மணிக்குள் கையை விட்டு நாக்கை ஆட்டிப் பாருங்கள். எளிதாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் காரணம் கண்ணுக்கே தெரியும். பனிக்கட்டி, இறுகிய சேறு, பெயின்ட். பெயின்ட் என்பதை நம்ப மாட்டீர்கள். எஞ்சினைப் புதுப்பிக்கும்போது ஸ்ப்ரே கன்னால் அடியிலிருந்து மேல்வரை அடித்துவிடுவார்கள். மணிக்குள் போன பெயின்ட் நாக்கு ஆடும் அச்சு ஊசியை ஒட்டிவைத்துவிடும். வெளியேற்றுத் துளையின்மேல் ஒரு தோல் போலப் படர்ந்துவிடும். துளை மூடினால் பிஸ்டனுக்கு முன்னாலும் பின்னாலும் அழுத்தம் சமமாகி அது அப்படியே நின்றுவிடும்.

கோடையில் இதே துளையில் வேறு விருந்தாளி. மண் கூடு கட்டும் குளவிகள். மாதக்கணக்கில் நிற்கும் எஞ்சினில் அவை துளையைத் தேடிவந்து களிமண்ணால் அடைத்துவிடும். பக்குவமாகக் குத்தி எடுக்க ஒரு செப்புக் கம்பி போதும். இரும்புக் கம்பியால் குடைந்தால் துளையின் விளிம்பு கீறிவிடும். இந்த வேலையை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியதில்லை. நிறுத்திவைக்கும்போதே துளையின்மேல் ஒரு துண்டு வலை கட்டிவையுங்கள். ஓட்டத்துக்கு எடுக்கும்போது வலையை எடுக்க மறக்காமல் இருக்கக் கட்-அவுட் காக்கில் ஒரு சீட்டு தொங்கவிடுங்கள்.

நாக்கு எளிதாக ஆடி, துளையும் திறந்திருந்து, அப்போதும் அடிக்காவிட்டால் ரிங்கரைக் கழற்றுங்கள். மணியை ஒருவர் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் நட்டைக் கழற்ற வேண்டும். தனியாகச் செய்தால் கடைசி மரையில் மொத்த எடையும் கைமேல் இறங்கும். பிஸ்டனை வெளியே எடுங்கள். நன்றாக இருக்கும் சிலிண்டரில் எண்ணெயின் மெல்லிய பளபளப்பு மட்டும் இருக்கும். கெட்டுப்போனதில் தண்ணீரும் கிரீஸும் கலந்த காபி நிறக் குழம்பு இருக்கும், விரலில் தேய்த்தால் நறநறவென்று துரு தெரியும். கிரீஸ் என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். ரிங்கருக்கு நல்லது செய்கிறோம் என்று யாரோ கெட்டியான கிரீஸை அப்பியிருப்பார்கள். குளிரில் அது மெழுகு போல இறுகி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு வேண்டியது சில துளி மெல்லிய எண்ணெய், அவ்வளவுதான்.

சிலிண்டர் சுவரில் நகம் சிக்கும் அளவு கீறல் இருந்தால், அல்லது பிஸ்டன் சிலிண்டருக்குள் தளர்ந்து ஆடினால், அப்போதுதான் ரிங்கரை மாற்றும் பேச்சை எடுக்க வேண்டும். மற்றபடி கழுவி, உலர்த்தி, புது ரப்பர் வளையம் போட்டால் வருடக்கணக்கில் ஓடும்.

அறிகுறி: காலையில் ஊமை, மதியம் அடிக்கிறது

தண்ணீர்தான். ஆனால் எங்கே தேங்கியது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை.

நான் பார்த்த ஒரு ஜிபி9-இல், அடியில் பொருத்திய மணி. குளிர்காலத்தில் காலை முதல் ஓட்டத்தில் வாயே திறக்காது. எஞ்சின் சூடாகி, வெயிலும் கொஞ்சம் வந்த பிறகு ஒன்றுமே நடக்காதது போல அடிக்கும். ரிங்கரை மாற்றியும் பயனில்லை. ரிசர்வாயர் வடிகாலைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. கடைசியில் குழாயை மணியிலிருந்து பின்னோக்கிக் கையால் தடவிக்கொண்டே போனோம். படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு கிளாம்ப் உடைந்து, செப்புக்குழாய் ஒரு விரல் அளவு தொய்ந்திருந்தது. அந்தத் தொய்வில் ஓரிரு மடக்கு தண்ணீர் நின்று, இரவில் உறைந்து, காலையில் தக்கை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. கிளாம்பைப் போட்டுக் குழாயைச் சரிவாகத் தூக்கிக் கட்டியதோடு முடிந்தது.

மணிக்குப் போகும் குழாய் எங்கேயும் பள்ளமாக இருக்கக் கூடாது. தவிர்க்க முடியாத பள்ளம் என்றால் அந்த இடத்தில் ஒரு வடிகால் காக் போடுங்கள். ரிசர்வாயர் வடிகாலைத் தினமும் கையால் திறந்து பாருங்கள். தானியங்கி வடிகால் இருந்தாலும் திறங்கள், குளிரில் அதுவே உறைந்து போவதுண்டு.

உறைந்த குழாயை இளக்க வெந்நீர் நனைத்த துணியோ சூடான காற்றோ போதும். தீப்பந்தம் வேண்டாம். பக்கத்தில் எரிபொருள் தொட்டி இருக்கிறது, குழாயின் இணைப்புகளில் ரப்பர் இருக்கிறது. ஆல்கஹாலை ஊற்றும் பழைய பழக்கமும் வேண்டாம். அது ரப்பர் இருக்கைகளைக் கெடுக்கும், காற்றோடு சேர்ந்து போய்ச் சேரும் இடமெல்லாம் கெடுக்கும்.

அறிகுறி: மெதுவாக, பலமில்லாமல் அடிக்கிறது

சோப்பு நீரை எடுத்துக்கொண்டு கட்-அவுட் காக்கிலிருந்து ரிங்கர் வரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். மணி வால்வு திறந்திருக்கும்போதே செய்ய வேண்டும், வால்வுக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் அழுத்தம் இருக்கும். கிளாம்ப் தளர்ந்து செப்புக்குழாய் சட்டகத்தில் உராயும் இடங்களில் ஊசித்துளைகள் விழுந்திருக்கும். குமிழி எதுவும் வராவிட்டால் வடிகட்டி. அதுவும் சுத்தம் என்றால் ரிங்கரின் வேகத்தைச் சரிசெய்யும் திருகு. எல்லா ரிங்கரிலும் அது இருக்காது. இருந்தால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள்.

அறிகுறி: படபடவென்று அடிக்கிறது, ஆனால் நாதம் இல்லை

காற்று அதிகம். நாக்கு மணியை அடித்துவிட்டு விலகும் முன்பே அடுத்த தள்ளல் வந்துவிடுகிறது. மணி அதிர்வதற்கு இடைவெளி கிடைக்காமல் தகரத்தில் தட்டுவது போலக் கேட்கும். திருகைக் குறையுங்கள். திருகு இல்லாத வகையானால் குழாயில் இருக்க வேண்டிய சிறுதுளைத் தடுப்பை யாராவது கழற்றிப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். வடிகட்டியைச் சுத்தம் செய்தவர் அது என்னவென்று தெரியாமல் விட்டிருக்கலாம். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டு, நடுவில் ஓசை கொஞ்சம் நீள வேண்டும். அதுதான் அளவு.

அறிகுறி: நிறுத்தினாலும் நிற்கவில்லை

உடனே செய்ய வேண்டியது கட்-அவுட் காக்கை மூடுவது. ஆனால் அப்படி மூடிவிட்டு நாளெல்லாம் ஓட்டக் கூடாது. மணியில்லாமல் ஓடுகிறோம் என்பதை ஓட்டுநருக்கும் பொறுப்பாளருக்கும் சொல்லி, உங்கள் ரயில்வேயின் விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள்.

மேக்னட் வால்வு உள்ளதில் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிரேக்கரையும் இறக்குங்கள். அப்போது நின்றால் சுவிட்சிலோ கம்பியிலோ கோளாறு. அப்போதும் நிற்காவிட்டால் வால்வின் இருக்கையில் ஏதோ அழுக்கு உட்கார்ந்திருக்கிறது. சில நேரம் கைப்பொத்தானை நான்கைந்து தடவை வேகமாக அழுத்தி விட்டால் காற்றே அழுக்கைத் தள்ளிக்கொண்டு போய்விடும். சரியாகிவிட்டது என்று அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த அழுக்கு வடிகட்டியைத் தாண்டி எப்படி வந்தது என்று பாருங்கள். வலை கிழிந்திருக்கும்.

ஒன்றைக் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். பிற்கால எஞ்சின்கள் பலவற்றில் ஹாரனைத் தொட்டாலே மணியும் தானாகத் தொடங்கும், ஓட்டுநர் அணைக்கும்வரை அடிக்கும். பழைய எஞ்சினில் பழகிய ஓட்டுநர்கள் புதிதில் ஏறும்போது இதைத்தான் புகாராக எழுதுவார்கள்.

அறிகுறி: அடிக்கிறது, ஓசை செத்துப்போயிருக்கிறது

மணி பிராக்கெட்டில் உச்சியில் மட்டும்தான் தொட வேண்டும். விளிம்பு எங்கேயாவது இரும்பில் பட்டால் ஓசை அடைத்துப்போகும். ஒரு தாளை விளிம்புக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் விட்டுச் சுற்றிவாருங்கள், எங்கே நிற்கிறதோ அங்கே தொடுகிறது. உச்சி நட்டு தளர்ந்திருந்தால் மணி ஒரு பக்கம் சாயும், நாக்கு ஒரே பக்கம் அடிக்கும். நட்டை இறுக்கி, அது கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி பயன்படுத்த வேண்டாம், அது அறுந்தால் விழுவது மணி.

நாக்கின் தலையைப் பாருங்கள். உருண்டையாக இருந்தது தேய்ந்து தட்டையாகியிருக்கும். மணியின் உள்ளே அது அடிக்கும் இடம் மட்டும் கண்ணாடி போல மினுங்கும், தொட்டால் பள்ளம் தெரியும். அப்படியானால் நட்டைத் தளர்த்தி மணியைக் கால் சுற்றுத் திருப்பி இறுக்குங்கள். நாக்குக்குப் புது இடம் கிடைக்கும். மணியின் ஆயுள் இப்படிப் பல ஆண்டுகள் நீளும். இதைச் செய்யாமல் விட்டால் பள்ளத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

விரிசல் இருக்கிறதா என்று அறிய மணியைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு மரச் சுத்தியால் தட்டுங்கள். நல்ல மணி ஒரே ஓசையாகத் தேயும். விரிந்தது கரகரக்கும். காந்தம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள், ஒட்டினால் எஃகு மணி. ஒட்டாமல் வெண்கலமாக இருந்து விரிந்திருந்தால் வெல்டிங்குக்குக் கொண்டுபோகாதீர்கள். மணி வெண்கலத்தில் வெள்ளீயம் அதிகம், நொறுங்கும் தன்மை அதிகம். ஒட்டவைத்தாலும் பழைய நாதம் திரும்பாது, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். வேறு மணி தேடுவதுதான் வழி. விரிந்ததைத் தூக்கிப் போட வேண்டாம், அருங்காட்சியகத்தில் வைக்கலாம்.

அறிகுறி: பின்னால் இணைத்த எஞ்சினின் மணி அடிக்கிறது

அந்த எஞ்சினின் ஓட்டுநர் அறைக்குப் போய் அங்கே உள்ள மணி வால்வைப் பாருங்கள். யாரோ ஏறி இறங்கும்போது பையோ முழங்கையோ பட்டுத் திறந்திருக்கும். பெரும்பாலும் அவ்வளவுதான்.

மின்னணு மணி உள்ள எஞ்சின்

1990-களுக்குப் பிறகு வந்த எஞ்சின்கள் பலவற்றில் உலோக மணியே இல்லை. ஒலிபெருக்கி ஒன்று மணியோசையைப் போடும். மேலே சொன்ன காற்றுக் கதை எதுவும் இதற்குப் பொருந்தாது. சத்தமே இல்லை என்றால் பிரேக்கர், பிறகு இணைப்பான். இணைப்பானைக் கழற்றினால் ஊசிகளில் பச்சை பூத்திருக்கும். சத்தம் கரகரத்தால் ஒலிபெருக்கியின் வாயில் தண்ணீரோ பனியோ புகுந்திருக்கும். வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா, வடியும் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று போய்விட்டால் களத்தில் பழுதுபார்க்க முயலாமல் மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது.

வேலை முடிந்ததும்

நிற்கும் எஞ்சினில் அடித்தால் போதாது. நீலக் கொடியை எடுத்து, எல்லோரும் விலகிய பிறகு, யார்டுக்குள் மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒரு நிமிடம் தொடர்ந்து அடித்துப் பாருங்கள். அதிர்வில் மட்டும் வரும் கோளாறு அப்போதுதான் தெரியும். தரையில் நிற்பவர் இரண்டு பக்கமும் நின்று கேட்க வேண்டும். அடியில் மணி உள்ள எஞ்சினில் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் தொட்டி மறைத்துச் சற்று மங்கலாகவும் கேட்கும், அது இயல்பு. பிறகு கட்-அவுட் காக் முழுவதும் திறந்திருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, என்ன கண்டீர்கள், எதை மாற்றினீர்கள், வடிகட்டியில் என்ன இருந்தது என்று பதிவேட்டில் எழுதுங்கள். துரு இருந்ததா, எண்ணெய் இருந்ததா, தண்ணீர் இருந்ததா என்று தனித்தனியாக எழுத வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் அதே எஞ்சினின் மணிக்கு வேறொருவர் போகும்போது எங்கிருந்து தொடங்குவது என்று அந்த ஒரு வரி அவருக்குச் சொல்லும்.